ஏழு பவுன் எடைப் பறவைக்காக நின்றுபோன இசை விழா!

அமெரிக்காவில் சிகாகோ என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. ஜனத்தொகை சுமார் 27 லட்சம். வானத்தை முட்டும் கட்டடங்களுக்குப் பெயர் போன ஊர்.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்த ஊரின் மணற்கரை ஒன்றில் பெரிய இசை விழா நடப்பதாக இருந்தது. இரண்டு நாள் விழா. பாடகர்கள் ஏற்பாடாகி விட்டார்கள். டிக்கெட்டும் விற்றுக் கொண்டிருந்தது. பல்லாயிரம் பேர் கூடி ஆடிப்பாடக் காத்திருந்தார்கள்.

ஜூலை மாதத்தில் திடீரென்று ஓர் அறிவிப்பு வந்தது. "விழா ரத்து!"

காரணம் என்ன? மழையா? இல்லை. பணத் தகராறா? இல்லை. பாடகருக்குத் தொண்டை கட்டிக் கொண்டதா? அதுவும் இல்லை.

ஒரு ஜோடிப் பறவைகள் அந்த மணலில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து விட்டன. அவ்வளவுதான்!

அந்தப் பறவை ஒன்றின் எடை என்ன தெரியுமா? சுமார் 55 கிராம். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் ஏழு பவுன். ஏழு பவுன் எடையுள்ள ஒரு பறவைக்காக அவ்வளவு பெரிய விழா நின்று போயிற்று.

இது எப்படி நடந்தது?

எந்தப் பறவை?

அந்தப் பறவைக்கு ஆங்கிலத்தில் 'பைப்பிங் புளோவர்' என்று பெயர். சிறு குழலை மெல்ல ஊதுவது போலக் குரல் கொடுக்கும். அதனால் இந்தப் பெயர். இந்தக் குடும்பத்துப் பறவைகளைத் தமிழில் உப்புக்கொத்தி என்பார்கள். நாமும் உப்புக்கொத்தி என்றே சொல்வோம்.

ஏழு அங்குல நீளம்கூட இராது. முதுகு காய்ந்த மணல் நிறம். வயிறு வெள்ளை. கழுத்தில் கறுப்புப் பட்டை. நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு. காலும் அலகும் ஆரஞ்சு நிறம். அலகின் நுனி மட்டும் மை தொட்டது போல் கறுத்திருக்கும்.

ஈர மணலில் குடுகுடுவென்று ஓடும். சட்டென்று நிற்கும். ஒரு காலால் மணலை நடுங்குவது போலத் தட்டும். உள்ளே இருக்கும் புழுவோ பூச்சியோ அசைந்தால் ஒரே கொத்து!

கூடு கட்டுவதற்கு இது மெனக்கெடுவதே இல்லை. குச்சி பொறுக்காது, நார் கிழிக்காது. மரத்தின் பக்கமே போகாது. திறந்த மணலில் உள்ளங்கை அளவு ஒரு குழி பறிக்கும். நாலைந்து சிப்பித் துண்டு, கூழாங்கல் கொண்டு வந்து போடும். அதுதான் கூடு.

அந்தக் குழியில் நாலு முட்டைகள் இடும். முட்டைகளும் மணல் நிறம்தான். மேலே மிளகைத் தூவியது போலப் புள்ளிகள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் கல்லா முட்டையா என்று சந்தேகம் வரும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திறந்த மணலில் உட்கார்ந்தால் நரி வருவதும் தெரியும், பருந்து வருவதும் தெரியும். பகைவன் கண்ணுக்கு முட்டை தெரியாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்தத் தந்திரம் பலித்தது.

ஆனால், மணற்கரைக்கு மனிதன் குளிக்க வந்த நாள் முதல் அதே தந்திரம் எமனாகி விட்டது. கண்ணுக்குத் தெரியாத முட்டையின் மேல் யார் வேண்டுமானாலும் கால் வைக்கலாமே!

ஏரியா, கடலா?

சிகாகோ நகரம் மிச்சிகன் ஏரியின் கரையில் இருக்கிறது. ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைத்துவிட வேண்டாம். இதன் நீளம் 300 மைலுக்கு மேல். அக்கரை தெரியாது. அலை அடிக்கும். புயல் வந்தால் கப்பலையே முழுக்கி விடும். தண்ணீர் உப்பில்லை என்பது ஒன்றுதான் கடலுக்கும் இதற்கும் வித்தியாசம்.

இதைப் போல ஐந்து ஏரிகள் அங்கே இருக்கின்றன. பேரேரிகள் என்று பெயர். அவற்றின் கரைகளில் ஒரு காலத்தில் உப்புக்கொத்திகள் பல நூறு ஜோடிகள் கூடு கட்டி வாழ்ந்தன.

பிறகு துப்பாக்கி வந்தது. பறவைகளைச் சுட்டுச் சந்தையில் விற்றார்கள். பெண்களின் தொப்பியில் இறகு செருகுவது அப்போது நாகரிகம். அதற்காகவும் சுட்டார்கள். 1918-ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்து அந்தக் கொலையை நிறுத்தியது. பறவைகள் கொஞ்சம் தலையெடுத்தன.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. மக்கள் கையில் காசு வந்தது, கார் வந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் வந்தது. எல்லோரும் கரைக்குப் புறப்பட்டார்கள். மணல் ஓரத்தில் வீடுகளும் ஓட்டல்களும் முளைத்தன. துப்பாக்கி செய்ததைக் காலடிகள் மெதுவாகச் செய்தன.

1980-களில் எண்ணிப் பார்த்தபோது பேரேரிகளின் கரைகளில் இருபது ஜோடிகூட இல்லை. அழியும் நிலையில் உள்ள உயிர்களுக்காக அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அந்தப் பட்டியலில் இந்தப் பறவையையும் சேர்த்தார்கள். 150 ஜோடிகள் ஆகும் வரை விடுவதில்லை என்று இலக்கு வைத்தார்கள்.

கொல்ல நினைக்காமலே கொல்வது

முட்டையை மிதிப்பது மட்டும்தான் ஆபத்து என்று நினைத்தால் தவறு. இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒருவர் கூட்டிலிருந்து முப்பது அடி தள்ளி ஜமக்காளம் விரித்து உட்காருகிறார். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினையாதவர். பிள்ளைகளோடு சாப்பிடுகிறார். அவரைக் கண்டு தாய்ப்பறவை முட்டையை விட்டு எழுந்து போய்விடுகிறது. அவர் போகட்டும் என்று தூரத்தில் நின்று காத்திருக்கிறது. அவரோ ஒரு மணி நேரம் இருக்கிறார். கோடை வெயிலில் மணல் கொதிக்கிறது. முட்டைக்கு நிழல் இல்லை. உள்ளே இருக்கும் கரு வெந்து போகிறது.

அவருக்கு அங்கே முட்டை இருந்தது என்பதே தெரியாது. கடைசி வரை தெரியாது.

சாப்பிட்டு மிச்சத்தைப் போட்டு விட்டுப் போகிறார். அதைத் தின்னக் கடற்காகம் வருகிறது. இரவில் நரி வருகிறது. ராக்கூன் என்ற பிராணி வருகிறது. வந்தவை எச்சில் இலையோடு திரும்புமா? பக்கத்தில் இருக்கும் குஞ்சையும் பார்த்து விடுகின்றன.

பையன்கள் காற்றாடி விடுகிறார்கள். மேலே ஆடும் காற்றாடி பறவையின் கண்ணுக்குப் பருந்தாகத் தெரிகிறது. அலறிப் புடைத்துக் கொண்டு ஓடுகிறது.

நாய் ஓடி வருகிறது. அது விளையாட்டுக்குத்தான் துரத்துகிறது. இருந்தாலும் குஞ்சுக்கு அது விளையாட்டாகத் தெரியுமா?

குஞ்சின் சங்கதியே தனி. பொரிந்த சில மணி நேரத்தில் எழுந்து ஓட ஆரம்பித்து விடும். எடை ஆறு கிராம்; அதாவது முக்கால் பவுன்! தாய் ஊட்டுவதில்லை. தானே இரை தேடித் தின்ன வேண்டும். பறக்க மட்டும் சுமார் நாலு வாரம் ஆகும். அதுவரை கால்தான் துணை.

ஆபத்து என்றால் குஞ்சு என்ன செய்யும்? ஓடாது. இருந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு படுத்து விடும். பருந்துக்கு அது போதும். ஆனால் கார்ச் சக்கரத்துக்குப் போதுமா? மணலில் வண்டி போன தடத்துக்குள் குஞ்சு இறங்கி விட்டால், அடுத்த வண்டி வரும்போதும் அங்கேயேதான் படுத்துக் கிடக்கும்.

தாயும் தகப்பனும் சும்மா இருப்பதில்லை. பகைவன் நெருங்கினால் ஒரு சிறகைத் தொங்கப் போட்டு, முறிந்து விட்டது போல் நொண்டி நொண்டி ஓடும். 'இது எளிதில் அகப்படும்' என்று நரி பின்னால் போகும். கூட்டை விட்டு வெகுதூரம் இழுத்துப் போனதும் 'விர்' என்று பறந்து விடும். நடிகர் திலகங்கள் தோற்றுப் போவார்கள்!

நரியை இப்படி ஏமாற்றலாம். ஜமக்காளத்தில் உட்கார்ந்து இட்லியோ ரொட்டியோ தின்றுகொண்டிருப்பவரை எப்படி ஏமாற்றுவது?

மாண்டியும் ரோஸும்

இனி நம் ஜோடியின் கதைக்கு வருவோம்.

சிகாகோவின் வடபகுதியில் 'மாண்ட்ரோஸ்' என்று ஒரு மணற்கரை. பொதுமக்களின் இடம். கோடை வந்துவிட்டால் கூட்டம் நெருக்கும். வாலிபால் ஆடுவோர் ஒரு பக்கம். நாய்களோடு வருவோர் ஒரு பக்கம்.

அதற்குப் பக்கத்திலேயே பறவைகளுக்குப் பேர் போன ஒரு புதர் வரிசையும் இருக்கிறது. அது வந்த கதை வேடிக்கையானது. முன்பு அங்கே ராணுவ முகாம் இருந்தது. முகாம் வெளியே தெரியாமல் மறைப்பதற்காகச் சிப்பாய்கள் புதர் வளர்த்தார்கள். முகாம் போய்விட்டது, புதர் நின்றது. தூர தேசம் போகும் பறவைகள் அதில் இறங்கி இளைப்பாறப் பழகி விட்டன. 'மாயவேலி' என்று அதற்குப் பெயரே வந்து விட்டது.

மணலுக்கும் ஒரு கதை உண்டு. சுமார் 2000-ஆம் ஆண்டில் ஏரித் தண்ணீர் கொஞ்சம் உள்வாங்கியது. வெளிப்பட்ட மணலில் புல் முளைத்தது. சிகாகோ பூங்காத்துறை அந்த இடத்தைச் சீவித் துப்புரவு செய்யாமல் விட்டு வைத்தது. சின்னச் சின்ன மணல் மேடுகள் உண்டாயின.

2019-ஆம் ஆண்டு அங்கே இரண்டு உப்புக்கொத்திகள் வந்து இறங்கின. பார்த்தவர்களால் நம்ப முடியவில்லை. சிகாகோவில் இந்தப் பறவை கூடு கட்டி அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது!

அவை யார் என்பது உடனே தெரிந்து விட்டது. எப்படி? காலில் வளையம்! பேரேரிப் பறவைகளைக் குஞ்சாக இருக்கும்போதே பிடித்து, காலில் வண்ண வளையங்கள் மாட்டி விடுவார்கள். வளையங்களின் வரிசையைப் பார்த்தால் ஊரும் பேரும் தெரிந்து விடும். இரண்டும் 2017-ல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவை. 2018-ல் சிகாகோவுக்கு வடக்கே வாக்கீகன் என்ற ஊரில், கார் நிறுத்தும் இடத்திலேயே முட்டையிட்டவை. பாவம், இடம் தேடி அலைந்திருக்கின்றன.

சிகாகோ மக்கள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். 'மாண்ட்ரோஸ்' என்ற பெயரை இரண்டாகப் பிரித்தார்கள். ஆணுக்கு மாண்டி, பெண்ணுக்கு ரோஸ்!

காவல்

அந்த ஆண்டு ஏரியில் தண்ணீர் மிக அதிகம். முதல் கூட்டை ஏரி விட்டு வைக்கவில்லை. ஜோடி சளைக்கவில்லை. மறுபடியும் குழி பறித்தது, மறுபடியும் முட்டையிட்டது.

கூட்டின் மேல் கம்பிவலைக் கூண்டு ஒன்றை வைத்தார்கள். வலைக்கண் வழியாக உப்புக்கொத்தி நுழையலாம்; நரி நுழைய முடியாது. சுற்றிலும் கயிறு கட்டி, பலகை மாட்டினார்கள்.

கயிறு மட்டும் காவல் காக்குமா? கயிற்றைத் தாண்ட ஒரு கால் போதும். ஆகவே ஆட்கள் வந்தார்கள். சிகாகோவிலுள்ள பறவை ஆர்வலர் சங்கங்கள் கூப்பிட்டன. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் முன்வந்தார்கள். முறை வைத்துக்கொண்டு, விடியற்காலை முதல் இருட்டும் வரை மணலில் காவல் இருந்தார்கள். சம்பளம் கிடையாது. வெயில் உண்டு, மழை உண்டு, சில சமயம் வசவும் உண்டு.

அவர்கள் கையில் தடி இல்லை. வாய்ச்சொல்லும் ஒரு தூரதரிசினியும்தான். வருகிறவர்களை மறித்து, "இங்கே பறவை அடைகாக்கிறது, கொஞ்சம் சுற்றிப் போங்கள்" என்று சொல்வார்கள். நாயைக் கயிற்றில் பிடித்துக் கொள்ளச் சொல்வார்கள். குழந்தைகளைக் கூப்பிட்டு, தூரதரிசினி வழியாகப் பறவையைக் காட்டுவார்கள். ஒருமுறை பார்த்த குழந்தை கயிற்றைத் தாண்டுமா? தாண்டாது. தகப்பனையும் தாண்ட விடாது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். சட்டம் இருந்தது, உண்மைதான். அந்தப் பறவையைத் துன்புறுத்தினால் தண்டனை உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை, கூட்டம் நெரியும்போது, பந்து ஒன்று கயிற்றுக்குள் போய் விழும்போது, அங்கே நிற்பது சட்டம் அல்ல. பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஓர் ஆள்.

ஜூலை 4-ஆம் தேதி அமெரிக்காவின் சுதந்திர தினம். அன்று கரையெல்லாம் ஜனங்கள், வாணவேடிக்கை. மாண்டியும் ரோஸும் அப்போது அடைகாத்துக் கொண்டிருந்தன. காவலர்களுக்கு அன்றைக்கு வயிற்றில் நெருப்பு. முட்டைகள் தப்பின. ஜூலை நடுவில் மூன்று குஞ்சுகள் பொரிந்தன.

விழாவா, குஞ்சா?

அதே மணலில்தான் இசை விழாவும் நடக்க வேண்டும். 'மாம்பி' என்பது அந்த விழாவின் பெயர்.

ஒலிபெருக்கி முழங்கும். மேடை எழும். லாரிகள் வரும். பல்லாயிரம் கால்கள் மணலை உழும். குஞ்சுகளோ அப்போதுதான் பறக்கக் கற்கும் பருவம். "விழாவை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்" என்று ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். விழாவுக்காகக் காத்திருந்த இளைஞர்களுக்கு ஆத்திரம் வராதா? மேடை கட்டும் கூலியாட்களுக்கு, தின்பண்டம் விற்பவர்களுக்கு அந்த இரண்டு நாள் வருமானம் என்பது சின்ன விஷயமா? 'கரை பொதுமக்களுக்கு உரியது. இரண்டு பறவைக்காக எங்களை ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?' என்று ஒருவர் கேட்டால், அது அநியாயமான கேள்வி என்று சொல்ல முடியாது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். விழாவுக்கு அடுத்த ஆண்டு உண்டு; வேறு மைதானம் உண்டு. அந்தப் பறவைக்கு அப்போது பேரேரிகள் முழுவதிலும் எழுபது, எண்பது ஜோடிக்கு மேல் இருக்கவில்லை. இங்கே பிறந்த மூன்று குஞ்சுகளும் அந்தக் கணக்கில் பெரிய தொகை. விழா நடத்துவோர் ஜூலை மாதத்திலேயே ரத்து என்று அறிவித்து விட்டார்கள். ஆகஸ்டில் மணலில் பாட்டுக் கேட்கவில்லை. குஞ்சுகள் பறந்து போயின.

வெற்றியும் தோல்வியும்

மாண்டியும் ரோஸும் குளிர்காலத்தில் சேர்ந்து இருப்பதில்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ரோஸ் ஃபுளோரிடா கரைக்குப் போய்விடும். மாண்டி டெக்சாஸ் கரைக்குப் போய்விடும். இரண்டுக்கும் இடையே வெகு தூரம். வசந்தம் வந்ததும் இரண்டும் தனித்தனியே புறப்பட்டு, அதே மாண்ட்ரோஸ் மணலுக்கு வந்து சேர்ந்தன. 2020-ல் வந்தன, 2021-லும் வந்தன.

2020-ல் மூன்று குஞ்சுகள். அவற்றில் ஒன்றுக்கு நிஷ் என்று பெயர். அடுத்த ஆண்டே அது ஒஹையோ மாநிலத்துக்குப் போய் ஜோடி சேர்ந்து கூடு கட்டியது. ஒஹையோவில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பறவை கூடு கட்டியதில்லை. சிகாகோவில் காத்தது ஒஹையோவில் பலன் கொடுத்தது!

2021-ல் ஓர் இரவு ஸ்கங்க் என்ற பிராணி வந்து நாலு முட்டைகளையும் தின்று விட்டது. துர்நாற்றம் பீய்ச்சுமே, அந்தப் பிராணிதான். பகலெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தவர்கள் காலையில் வந்து பார்த்து எப்படி நின்றிருப்பார்கள்! ஜோடி மறுபடியும் முட்டையிட்டது. நாலு குஞ்சுகள் பொரிந்தன; இரண்டு பிழைத்தன. ஒன்றுக்கு இமானி என்று பெயர் வைத்தார்கள். சுவாஹிலி மொழியில் 'நம்பிக்கை' என்று அர்த்தம். மற்றதற்குச் சியேவ்கா என்று பெயர். போலந்து மொழியில் அதற்கு உப்புக்கொத்தி என்றே அர்த்தம்.

அதே ஆண்டு மாண்ட்ரோஸில் சுமார் மூன்று ஏக்கர் மணலைப் பாதுகாப்பு நிலத்தோடு புதிதாகச் சேர்த்தார்கள். நவம்பர் 18-ஐ இந்தப் பறவையின் நாளாக இல்லினாய் மாநில கவர்னர் அறிவித்தார்.

2022 வந்தது. மாண்டி வந்தது. ரோஸ் வரவில்லை.

மாண்டி மணலில் அங்குமிங்கும் பறந்து குரல் கொடுத்துக் கொண்டிருந்தது. காவலர்கள் தினமும் வந்து வானத்தைப் பார்த்தார்கள். ரோஸ் என்ன ஆயிற்று என்பது இன்று வரை தெரியவில்லை.

மே மாதம் 13-ஆம் தேதி மாண்டி மூச்சுத் திணறியது. பார்த்துக் கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரிலேயே மணலில் சாய்ந்து இறந்தது. உடலைச் சோதித்துப் பார்த்தார்கள். மூச்சுக்குழலில் பூஞ்சை நோய். நாய் இல்லை, கால் இல்லை, வாணவேடிக்கை இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை! அதற்கு எந்தக் கயிறு கட்டுவது?

மாண்டிக்காகச் சிகாகோவில் கண்ணீர் விட்டவர்கள் பலர். பத்திரிகைகள் மனிதருக்கு எழுதுவது போல மரணச் செய்தி எழுதின.

கைக்குழந்தைகள்

கதை அங்கே முடிந்திருக்கும். முடியாததற்குக் காரணம், மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே நடக்கும் ஒரு தொட்டில் வைத்தியம்.

தாயோ தகப்பனோ இறந்து, முட்டை அநாதையாகி விடுவது உண்டு. கூட்டில் தண்ணீர் புகுவதும் உண்டு. அப்படிப்பட்ட முட்டைகளை எடுத்து, மிச்சிகன் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சூட்டுப் பெட்டியில் வைத்துப் பொரிக்கிறார்கள். டெட்ராய்ட் மிருகக்காட்சிசாலை இதை நடத்துகிறது. மற்ற ஊர் மிருகக்காட்சிசாலைகளிலிருந்தும் ஆட்கள் முறை வைத்து வந்து வளர்க்கிறார்கள். சிறகு முளைத்ததும் கரையில் விட்டு விடுகிறார்கள்.

தாய் வளர்த்தது போல ஆகுமா? ஆகாது. கையில் வளர்ந்தவை திரும்பி வருவது குறைவு. முட்டையை எடுப்பது கடைசி வழிதான். இருந்தாலும் கெட்டுப் போகும் முட்டையில் ஒன்று பிழைத்தாலும் லாபம்தானே!

2023-ஆம் ஆண்டு இமானி, தான் பிறந்த மாண்ட்ரோஸில் தன்னந்தனியாகக் கோடையைக் கழித்தது. ஜோடி கிடைக்கவில்லை. அந்த ஜூலையில், கையில் வளர்த்த மூன்று குஞ்சுகளை அதே மணலில் கொண்டு வந்து விட்டார்கள். மணலில் வளரும் செடிகளின் பெயரையெல்லாம் அவற்றுக்கு வைத்தார்கள். ஒன்றின் பெயர் 'சீ ராக்கெட்'.

ராக்கெட் என்றதும் ஆகாயத்தில் போவது என்று எண்ண வேண்டாம். அது ஒரு மணற்செடி. ஆனால் பறவை ஆகாயத்தில்தான் போயிற்று. தெற்கே போய், குளிர்காலத்தைக் கழித்து, 2024-ல் திரும்பி வந்தது. வந்து இறங்கிய இடம் மாண்ட்ரோஸ்!

அங்கே இமானி இருந்தது.

மாண்டி - ரோஸ் தம்பதியின் பிள்ளையும், தாய் முகம் அறியாத இந்தப் பெண்ணும் ஜோடி சேர்ந்தன. நாலு முட்டைகள். மறுபடியும் கம்பிவலை, கயிறு, பலகை. மறுபடியும் காவலர்கள். நாலும் பொரிந்தன.

நாலில் மூன்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. எஞ்சிய ஒன்றுக்கு, அந்த ஏரிப் பிரதேசத்தின் பழங்குடி மக்களான அனிஷினாபே மக்களின் மொழியிலிருந்து நகமோ என்ற பெயரை எடுத்து வைத்தார்கள். பாடுவது என்று அர்த்தம்.

2024-ல் பேரேரிகள் முழுவதும் எண்ணியபோது கூடு கட்டிய ஜோடிகள் 80-க்கு மேல் இருந்தன. இருபதுக்கும் கீழே இருந்த இடத்திலிருந்து இதுவரை வர நாற்பது ஆண்டு பிடித்திருக்கிறது. 150 என்ற இலக்கில் பாதிதான் தாண்டியிருக்கிறது.

உப்புக்கொத்திகளில் தாய் முதலில் புறப்பட்டு விடுவது வழக்கம். தகப்பன் கொஞ்ச நாள் கூட இருக்கும். பிறகு அதுவும் போய்விடும். குஞ்சு கடைசியில் தனியாக, வழி காட்ட யாரும் இல்லாமல், தெற்கே போகும்.